ஒரு ஆள் கனம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முழங்காலைத்தான் விசாரித்துக்கொள்கிறோம். பேரப்பிள்ளைகள் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். எனக்கு முழங்கால் பரவாயில்லை. தொடைக்குப் பின்னால் குறுக்காக ஒரு வலி. டாக்டர் நரம்பு என்கிறார், நானும் தலையாட்டிவிட்டு மாத்திரை வாங்கி வருகிறேன். ஆனால் எனக்குத் தெரியும், அது சைக்கிள் கேரியரின் இரும்புக் கம்பி. பதின்மூன்று வயதில் ஒரு கோடை முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தேன், ஒரு மூட்டைக்குப் பதிலாக.

எங்கள் ஊர் பொன்னமராவதிக்குக் கிழக்கே ஆறு மைல். சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். மேலே படிக்க வேண்டுமென்றால் பொன்னமராவதி ஐஸ்கூலில் நாலாம் பாரம், அதாவது ஒன்பதாவது, சேர வேண்டும். சாயங்காலம் திரும்பி வர ஒரு பஸ் உண்டு. காலையில் அங்கே போகிற பஸ் பதினோரு மணிக்குத்தான் எங்கள் ஊரைத் தாண்டும், அதற்குள் அங்கே இரண்டு பாடம் முடிந்திருக்கும். பையன்கள் நடந்து போனார்கள். பெண்பிள்ளையைத் தனியாக ஆறு மைல் நடக்கவிட அப்பாவுக்கு மனசு வரவில்லை. ஆக, காலையில் போவதற்கு வழியில்லை. என் படிப்புக்கு இருந்த ஒரே தடை அதுதான்.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அப்பா அதில் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சேலை, வேட்டி விற்பார். ஒன்பது மணிக்கு, சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு வயல் வேலையும் வீட்டு வேலையுமாக இருந்தான். சைக்கிளில் அவன் போகிற வேகத்தைப் பார்த்தால் கோழிகள் முன்கூட்டியே ஒதுங்கிவிடும்.

அந்த வருஷம் பொன்னமராவதி வியாபாரிகள் சிலர் சேர்ந்து வைகாசியில் ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். திருமயம் போகிற சாலையில் பத்து மைல் போய்த் திரும்ப வேண்டும். முதல் பரிசு ஒரு புதுச் சைக்கிள். எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடைச் சுவரில் ரோஸ் கலர் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னார்.

"இன்னொரு வண்டி வந்துட்டா, இவன் தெனம் காலையில ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போயி ஐஸ்கூல்ல விட்டுட்டு வந்துருவான். நீ படி ஆத்தா, எம்புட்டு வேணும்னாலும் படி."

அந்த நிமிஷத்திலிருந்து என் நாலாம் பாரம் அண்ணனின் காலில் இருந்தது.

பழக்கிவிட ஒருவர் கிடைத்தார். வாடகை சைக்கிள் கடைக்காரர்தான். இளமையில் பினாங்கில் இருந்தவர், அங்கே வெள்ளைக்காரர்கள் நடத்திய பந்தயங்களை வேலி ஓரம் நின்று பார்த்தவர். ஊரில் அவருக்குப் பினாங்குக்காரர் என்றே பெயர். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பழக வேண்டும் என்றார். காலில் பலம் ஏறக் கேரியரில் ஒரு ஆள் கனம் கட்டி ஓட்ட வேண்டும் என்றார். பந்தயத்தன்று கனத்தை அவிழ்த்துவிட்டால் வண்டி பறக்குமாம்.

முதலில் மணல் மூட்டை கட்டினார்கள். இரண்டாம் நாளே சாக்குப் பிரிந்து சாலை நெடுக மணல். அடுத்து நெல் மூட்டை. ஒரு பள்ளத்தில் அது சரிந்து, வண்டியும் அண்ணனும் அதன்மேல். நெல்லை அள்ளிக்கொண்டு வந்தபோது அம்மா பேசிய பேச்சில் அப்பாவே முறத்தை எடுத்துக் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். பினாங்குக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். பரீட்சை முடிந்து வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த என்மேல் கண் விழுந்தது.

"கனம்னா பிடிச்சுக்கிட்டு உக்காரணும் தம்பி. மூட்டைக்குக் கையி இல்லையில்ல" என்றார் அப்பாவிடம்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கொமராகப் போற புள்ளைய ரோட்டுல இப்படி உக்காத்தி வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"பந்தயத்துக்குப் பழகுறோம்டி. இதுல என்ன இருக்கு? கூடப் போறது யாரு, அவ அண்ணன்தான?" என்று அப்பா சொன்னதும் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இந்த வாக்கியத்தை நான் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்குச் சந்தோஷம் மட்டும்தான்.

மறுநாளிலிருந்து மண்டலக் கணக்கைப் புதிதாக ஆரம்பித்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். இரண்டு பக்கமும் மணி வைத்த தகரக் கடிகாரம் அது. அதைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துவிடுவார்கள், நேரம் பார்ப்பதும் என் வேலை என்பதால். கேரியரில் நாலாக மடித்த சாக்கு. பத்து நிமிஷத்தில் சாக்கு நழுவி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பிறகு கம்பிதான். நல்லெண்ணெயும் வேர்வையும் கலந்த அண்ணனின் முதுகு வாசனை, மூக்குக்கு நேரே நாற்பத்தெட்டு நாள். கண்மாய்க் கரையில் ஏறும்போது குளிர்ந்த காற்று வரும். புளிய மரங்களுக்குள் போனால் இருட்டு. அதைத் தாண்டினால் செம்மண் பொட்டலில் வெளிச்சம் வந்துகொண்டிருக்கும். மடியில் கடிகாரம் என் வயிற்றுக்குள்ளேயே அடிப்பது போல அடித்துக்கொண்டிருக்கும்.

எங்கே போய்த் திரும்புவது என்று ஒரு எல்லை வேண்டும் அல்லவா? ஆறு மைல் சரியாக இருந்தது ஐஸ்கூல் கேட்தான். நீலப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட், பக்கத்தில் ஒரு வேப்ப மரம். பாதியில் திரும்பிவந்து ஏமாற்றக் கூடாது என்பதற்காகப் பினாங்குக்காரர் ஒரு சட்டம் போட்டார். நான் இறங்கிப்போய்க் கேட்டைக் கையால் தொட்டுவிட்டு வந்து ஏறினால்தான் அன்றைய பழக்கம் செல்லும். உரிந்த பெயிண்டும் துருவும் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கையைக் காட்ட வேண்டும். ஆறேகாலுக்குக் கேட்டைத் தொடுவேன். ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்போம். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் சும்மா சாய்ந்து நிற்கும்.

உண்மையைச் சொன்னால், பினாங்குக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. இன்றைக்கு டி.வி.யில் பயிற்சியாளர்கள் சொல்வதைக் கேட்கும்போது அவர் ஞாபகம் வரும். ஒரு மைல்கல் உயிரை விட்டு மிதி, அடுத்த மைல்கல் சும்மா உருட்டு, மறுபடியும் மிதி என்றார். வாரத்தில் ஒரு நாள் வண்டியையே தொடாதே என்றார். போகிற வழியில் வாய் நனைத்துக்கொள் என்றார்.

அப்பாவுக்கு இதெல்லாம் சோம்பேறித்தனமாகப் பட்டது. "சும்மா உருட்டுறதுக்கா அலாரம் வச்சு எந்திரிக்கிறோம்?" என்றார். ஓய்வு நாள் கிடையாது என்றார். "ஓடுறப்ப தண்ணி குடிச்சா வயித்துல குலுங்கும், கால இழுத்துரும்" என்று தண்ணீரையும் தடுத்துவிட்டார். ஜவுளி மூட்டையோடு ஊர் சுற்றுகிறவர், அவருக்குத் தெரியாததா என்று நாங்கள் நம்பினோம்.

நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்குச் சில நாள் முடியாது. மூன்றாவது கல்லுக்குப் பக்கம் மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை அதன்போக்கில் விடுவான். "ஏ புள்ள, அப்பாக்கிட்டச் சொல்லிறாத" என்பான். சரி என்பேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எப்படி ஓட்டுனான்?" என்று கேட்பார். என் கண்முன் நீலக் கேட் வந்து நிற்கும். "மூணாவது கல்லுல சும்மா உருட்டுனான்ப்பா" என்பேன். அன்று சாயங்காலம் அண்ணன் இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். இப்படி ஏழெட்டுத் தடவை காட்டிக்கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவன் என்னைத் திட்டியதில்லை, மறுநாள் சாக்கை இன்னும் ஒரு மடிப்பு மடித்துப் போட்டான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இது தங்கியிருக்காது.

இருபது நாள் போனதும் என் கனம் பத்தவில்லை என்றார்கள். மடியில் கடிகாரத்தோடு இரண்டு எடைக்கல்லும் ஏறின. அம்மா எனக்கும் கேப்பைக் களி, பச்சை முட்டை என்று கொடுத்துத் தேற்றினாள். பந்தயம் ஓட்டுகிறவன் இளைத்துக்கொண்டே போக, உட்கார்ந்து வருகிறவள் பெருத்துக்கொண்டே போனேன். பினாங்குக்காரர் என்னைப் பார்த்து, "ஆத்தா நல்லாப் பழகியிருச்சு" என்று சிரிப்பார்.

மே மாதத்தில் ஒரு நாள் எங்கள் எட்டாவது வாத்தியார் வீட்டுக்கு வந்தார். என் டி.சி.யை அவரே எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"முதல் மார்க்கு. பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கே கொண்டுபோயிச் சேத்துருங்க. இந்தப் புள்ளைய நிறுத்திப்புடாதீங்க" என்றார்.

"சேக்காம இருப்பனா சார்? வண்டி வரட்டும். வண்டி வந்துட்டா மறுநாளே சேத்துருவேன்."

வாத்தியார் கொட்டகையில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார். என்னவோ கேட்க வந்தவர் போலிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மோரைக் குடித்து முடித்தார். டி.சி. டிரங்குப் பெட்டிக்குள் போனது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் பினாங்குக்காரர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "இனி ஒண்ணும் வேணாம். ரெண்டு நாளு வீட்டுல சும்மா படுக்கட்டும். நல்லாச் சாப்பிடட்டும்." அப்பாவும் ஒரு வழியாக ஒப்புக்கொண்டார்.

அம்மா காதில் 'ரெண்டு நாளு வீட்டுல சும்மா' என்பது மட்டும் விழுந்தது. உங்கள் வீட்டிலும் உண்டுதானே, கோடை லீவில் பிள்ளைகளைப் பிடித்து வைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவது? அன்று வெளியே எங்கும் போக முடியாது. ஆகையால் வேலை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அண்ணன் இரண்டு நாள் வீட்டில் இருக்கப்போகிறான், இதைவிட்டால் வேறு நாள் கிடைக்குமா? வெள்ளிக்கிழமை காலையில் முழு டம்ளர் விளக்கெண்ணெய்.

"வயிறு சுத்தமானா ஒடம்பு லேசாயிரும். லேசான ஒடம்புதான் வேகமாப் போகும்" என்று எனக்கு விளக்கம் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்று அண்ணன் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்த தூரத்துக்கு மைல்கல் நட்டிருக்கலாம். ராத்திரிக்கு மிளகு ரசம் சோறு. சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள், அதை விடலாமா? உச்சந்தலையிலிருந்து கால்வரை தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிவிட்டாள். குளித்து வந்த அண்ணன் பாயில் விழுந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துவிட்டாள். அவளைப் போல அந்தப் பந்தயத்துக்காக யாரும் பாடுபடவில்லை.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் பந்தயம். நல்ல வெயில். அப்பாவும் நானும் பதினோரு மணி பஸ்ஸில் போனோம். பதினெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கோட்டைப்பட்டினத்திலிருந்து மேற்கே உள்ள ஊர்களுக்குச் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்பவராம். அவர் வண்டியில் மீன் கூடை வைக்கும் இரும்புச் சட்டத்தைக்கூட அவிழ்க்கவில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் வண்டியில் ஏறியதும் முன்சக்கரம் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடியது. பினாங்குக்காரர் முகம் மாறியதைப் பார்த்தேன். பிறகு சமாளித்து, விசில் ஊதியதும் எல்லாருக்கும் முன்னால் பறந்துவிட்டான். கனம் இல்லை அல்லவா? புழுதியோடு வளைவில் மறைந்தபோது அப்பா என் தலையில் கை வைத்து, "சேந்துட்ட ஆத்தா" என்றார்.

நடந்ததை ஜீப்பில் கூடப் போனவர்கள் சொன்னார்கள். பத்தாவது மைல் திருப்பம் வரைக்கும் அண்ணன்தான் முதல். அங்கே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்து மோர் நீட்டியிருக்கிறார்கள். அப்பா சொன்ன சொல்லை மனசில் வைத்து வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான். மீன்காரர் வண்டியை விட்டு இறங்கியே இரண்டு சொம்பு குடித்தாராம். பதினாலாவது மைலில் அண்ணனுக்கு இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். உதடு வெள்ளையாகியிருந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை, என்னிடம் வந்தான்.

"பின்னால நீ இல்லாம வண்டி கையில நிக்கலை புள்ள" என்றான்.

அவன் தோற்றதைவிட என் பள்ளிக்கூடம் போனதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. அவன் காலைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

முதல் பரிசு மீன்காரருக்கு. மாலையோடு நின்றவரிடம் பினாங்குக்காரர் போய், "எப்படிப் பழகுனீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"எங்கண்ணே பழகுனேன்? நேரத்துல போகலைன்னா மீனு கெட்டுப்போயிரும். தெனம் போக வேண்டிய எடத்துக்குப் போறேன், அம்புட்டுத்தான்."

அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மீன்காரனுக்கு யோகம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஐந்தரைக்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்தது. அலாரம் வைக்கவில்லை. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். சைக்கிள் கொட்டகையில் நின்றது. ஒன்பது மணிக்கு அப்பா ஜவுளி மூட்டையைக் கட்டினார். "அடுத்த வருஷம் பாப்பம் ஆத்தா" என்றார், மூட்டையைப் பார்த்துக்கொண்டே. அடுத்த வருஷத்துக்குள் நான் வயதுக்கு வந்துவிட்டேன், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் திருச்சிக்கு லாரி ஆபீஸ் வேலைக்குப் போனான். பினாங்குக்காரர் ஒரு நாளும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கடிகாரம் என்னவாயிற்று என்று தெரியவில்லை. விளக்கெண்ணெய்க் கதையை அம்மா சாகும்வரை யாரிடமும் சொன்னதில்லை, எங்களையும் சொல்லவிட்டதில்லை.

போன தை மாதம் அண்ணனைப் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தேன். அவனுக்கு இப்போது ஆள் அடையாளம் சில நேரம் இருக்கிறது, சில நேரம் இல்லை. அன்று என்னைத் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து என் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். அவன் மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் பெருமையாகச் சொன்னான்.

"இவளை நாந்தான் தெனம் ஐஸ்கூல்ல கொண்டுபோயி விடுவேன். காலையில. ஆறு மைலு. ஒரு நாள் தவறுனதில்ல."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாவம், குழம்பிப்போயிருக்கிறான் என்று நினைத்தேன். திருத்தலாமென்று வாயைத் திறந்தேன். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. காலையில் கிளம்பினோம். ஆறு மைல் போனோம். கேட்டைத் தொட்டேன். வெயில் ஏறுவதற்குள் வண்டி வீட்டுக்கு வந்து, அப்பாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்பியிருந்தால் போதும், சாயங்காலத்துக்குப் பஸ் இருந்தது. எந்தப் பந்தயமும் ஜெயித்திருக்க வேண்டியதில்லை. பரிசாக வரப்போகிற சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பக் காத்திருந்த வீட்டில், இருந்த சைக்கிளில் நான் நாற்பத்தெட்டு நாள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பியிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியவில்லை, அண்ணனுக்குத் தெரியவில்லை. முதல் மார்க் வாங்கிய எனக்கும் எழுபது வயது தாண்டும்வரை தெரியவில்லை. வாத்தியார் கொட்டகையைப் பார்த்தது இதைத்தானோ என்னவோ.

அண்ணன் என் கையை விடவில்லை. "கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டனே, நீ ஏன் புள்ள உள்ள போகல?" என்றான்.

"அப்ப லீவுண்ணே" என்றேன்.

சரி என்று தலையாட்டினான். காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"லீவு முடிஞ்சிருக்குமே?" என்று கேட்டான்.